பீரங்கிக்காரருக்கு மகளின் பதில்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். நான் நலம். உங்கள் மூட்டுவலி குறைந்ததா?

பட்டாளத்தில் நீங்கள் சுட்ட விமான எதிர்ப்புப் பீரங்கி, நாங்கள் செய்யும் ஹெலிகாப்டர் கவசத்தைக் கிழித்துவிடும் என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான். இது இயந்திரத் துப்பாக்கித் தோட்டாவைத்தான் தாங்கும். அதையாவது தாங்க வேண்டாமா?

நேற்று சோதனையில் ஒரு கவசத் தகட்டில் மயிரிழை விரிசல் கண்டேன். "இன்னாம்மா, பாஸ் போட்டுடு," என்றார் சூப்பர்வைசர். "நீங்க அதுக்குப் பின்னால உக்காருங்க சார், எங்கப்பாவைச் சுடச் சொல்றேன்," என்றேன். தகடு ஸ்கிராப்புக்குப் போனது. கவலைப்படாதீர்கள், என் வேலை போகவில்லை.

சோதனை அறையில் ஏசி குளிர்; உங்கள் பட்டாளத்து ஸ்வெட்டரை அனுப்புங்கள். பதிலை நீளமாக எழுதுங்கள், சாப்பாட்டு நேரத்தில் படிப்பேன். தகட்டைத் தள்ளிய கோபத்தில் இன்று என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

கம்பெனி பஸ் வந்துவிட்டது. உங்கள் குண்டு எதை வேண்டுமானாலும் கிழிக்கட்டும். விரிசல் விட்ட தகடு என் கையைத் தாண்டாது.

செல்வலட்சுமி,
ஒரகடம்