பத்திரமாக வைத்த கீபோர்டு

பெரியப்பா,

பாலித்தீன் உறையைப் பிரித்ததும் பாச்சை உருண்டை வாடை மூக்கில் ஏறியது. குவைத்திலிருந்து நீங்கள் கொண்டுவந்த கம்ப்யூட்டர், கீபோர்டுக்குள்ளேயே எல்லாம் அடங்கி, டி.வி.யில் சொருகிப் பார்க்கும் அந்தக் காலத்துப் பெட்டி, இப்போது என் மேசையில். உங்கள் காரியம் முடிந்த கையோடு அக்கா அதை ஸ்ரீரங்கம் வீட்டுப் பரணிலிருந்து இறக்கி, ஆட்டோவில் தில்லை நகருக்கு, ரிப்பேர் வேலை தெரிந்த என்னிடம் எடுத்து வந்தாள்.

“சரி பண்ணக்கூட வேணாம்டா. நான் அன்னைக்கு அழுத்தினதாலதான் போச்சான்னு மட்டும் பாத்துச் சொல்லு. மழுப்பாத.”

நாற்பது வயதில் உங்கள் மகள் கேட்கும் கேள்வி இது.

விருந்தாளிகளுக்குக் காட்டத்தான் அதை இறக்குவீர்கள். அப்படி இறக்கிய ஒரு நாள், நீங்கள் வெளியே போன நேரத்தில், அப்போது மூன்றாம் வகுப்புப் பிள்ளையான அக்கா தன் பெயரை அடித்துப் பார்த்தாள். திரும்பி வந்து நீங்கள் போட்டபோது ஐந்து எழுத்துகள் விழவில்லை. அவளை அடித்தீர்கள். அதோடு விட்டிருக்கலாம். கல்யாண வீடுகளில்கூட, “வாங்க இஞ்சினியரம்மா! மிக்சி பக்கம் போயிடாதீங்க, அதுவும் படுத்துடும்” என்பீர்கள். எனக்கு விவரம் தெரிந்த பிறகும் இந்தக் கூத்து நடந்தது. பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் குரூப் கேட்டவளை, “மெஷினுக்கும் ஒனக்கும் ஆகாது” என்று காமர்ஸில் தள்ளினீர்கள். இன்று மலைக்கோட்டைப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். கம்ப்யூட்டரில்தான். கீயைச் சூடான தோசைக்கல்லைத் தொடுவதுபோலத் தொடுகிறாள்.

திறந்தேன். சொல்கிறேன், கேளுங்கள்.

ரப்பர் கீகளுக்கு அடியில் இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்தான் மெம்பிரேன். அதில் ஓடும் கோடுகள் பட்டையான ஒரு வாலாகச் சேர்ந்து, மடங்கி, உள்ளே சர்க்யூட் போர்டில் சொருகியிருக்கும். சூட்டில் அந்தப் பிளாஸ்டிக் வருஷக்கணக்கில் காய்ந்து, மடிப்பில் விரிசல் விடும். நான் தொட்டதும் அப்பளம்போல் உடைந்தது. விரல் கெடுத்திருந்தால் ஒரு கீ போயிருக்கும். பக்கத்துப் பக்கத்து எழுத்து ஐந்தும் சேர்ந்து போனால், வாலில் ஒரு கோடு அறுந்திருக்கிறது என்று அர்த்தம். அவ்வளவுதான்.

“தொட்டா தேஞ்சிடும், பத்திரமா இருக்கட்டும்” என்று திருச்சி வெயிலில், மொட்டை மாடித் தளத்துக்கு ஒரு முழம் கீழே, பரணில் வைத்து வேக விட்டது நீங்கள். அடியிலுள்ள ஸ்க்ரூக்களில் ஒன்றில்கூட ஸ்க்ரூடிரைவர் பட்ட கீறல் இல்லை. திறந்தே பார்க்காமல் பிள்ளைமேல் பழி போட்டிருக்கிறீர்கள்.

புது மெம்பிரேன் இப்போதும் விற்கிறார்கள். வரவழைத்துப் போட்டேன். அக்காவைக் கூப்பிட்டேன்.

“ஒன்னால போகலக்கா.”

“நெஜமாவா?”

“ஒன் விரலுக்கு அவ்ளோ சீன் இல்ல.”

சிரித்தாள். உட்கார்ந்தாள். விரலை நீட்டியவள், அழுத்துவதற்கு முன் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். நீங்கள் நிற்கிறீர்களா என்று.

உடைந்த வால் என் பர்ஸில் இருக்கிறது. உங்களைப் பற்றிப் பேச்சு வந்தால், “எதையும் அவ்ளோ பத்திரமா வெச்சிருப்பாரு” என்கிறார்கள். அடுத்து யார் சொன்னாலும் எடுத்துக் காட்டுவேன்.