அக்கா விழுங்காத மாத்திரைகள்

அன்புள்ள சின்னவளுக்கு அம்மா எழுதுறது.

நீ எப்படி இருக்கே, கால் எப்படி இருக்கு. இங்க எல்லாரும் சுகம்னு எழுதித்தான் எப்பவும் ஆரம்பிப்பேன், இன்னைக்கு அந்த வரி எழுத வரல. அப்பாவும் நானும் வேலைக்குப் போறோம் வர்றோம், ஏதோ சாப்பிடுறோம், அந்த மட்டுக்கு சுகம்னு வச்சுக்கோ. ராணுவப் பயிற்சி முகாம் போன்ல பேசலாம்னா உனக்குப் பின்னாடி வரிசையில நிக்கிற பொண்ணுங்க சத்தம்தான் பாதி கேக்குது, நீயும் மழை வெயில்னு ரெண்டு வார்த்தை பேசிட்டு வச்சிடுற. அதனால ஃபேக்டரி கேன்டீன்ல, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல, கடைசி மேசையில உக்காந்து எழுதுறேன். காலையில இருந்து காலர் தைச்ச கை, எழுத்து கோணலா இருக்கும், பொறுத்துக்கோ.

அக்கா வீட்டுக்கு வந்துட்டா. ராணுவ ஆஸ்பத்திரி வேன்ல கொண்டு வந்து நம்ம கட்டட வாசல்ல இறக்கி விட்டாங்க. மூணு மாடி, லிஃப்ட் கிடையாது, உனக்குத் தெரியாததா. பிளாஸ்டிக் நாற்காலியில உக்கார வச்சு அப்பா ஒரு பக்கம், கீழ்க்கடையில சாவி செஞ்சு கொடுக்கிற சாவிக்காரர் ஒரு பக்கம் தூக்கினாங்க. ரெண்டு ரெண்டு படியா தாவி ஏறுற பொண்ணு அது. சாவிக்காரர் தமாஷா, நாட்டையே தாங்கப் போன ஆளை நாங்க தாங்குறோம் பாருங்கன்னார், நல்ல மனசோடதான் சொன்னார், யாரும் சிரிக்கல. தொடை எலும்பு இடுப்போட சேர்ற இடத்துல ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருக்காங்க. பயிற்சிக்குத் தகுதியில்லன்னு எழுதி அனுப்பிட்டாங்க. வந்ததுல இருந்து உங்க ரூம்ல சுவத்தப் பார்த்துப் படுத்திருக்கா. கட்டில ஜன்னல் பக்கம் திருப்பிப் போடட்டுமான்னு கேட்டேன், வேண்டாம்னுட்டா. ஜன்னல்ல பார்த்தா ஸ்கூல் மைதானம் தெரியும், பிள்ளைங்க ஓடுறது தெரியும், எனக்குத்தான் புத்தி இல்ல. அப்பா தான் ஓட்டுற பஸ்ல டிரைவர் சீட்டுக்கு மேல ஒட்டியிருந்த உங்க ரெண்டு பேர் போட்டோவ எடுத்துட்டார், ஏறுறவங்க எல்லாம் பொண்ணுங்க எப்படி இருக்காங்கன்னு விசாரிக்கிறாங்களாம். வீட்டுக்கு வந்தா டிவி முன்னாடி உக்கார்றார், அது ஓடுதா இல்லையான்னு அவருக்கே தெரியாது. சத்தமா பேசுற ஆள் ஒருத்தரும் இல்லாத வீடா போச்சு.

இப்ப நான் எழுத வந்த விஷயத்துக்கு வர்றேன். எலும்பு டாக்டரம்மா கால்சியம் மாத்திரையும் வைட்டமின் டி மாத்திரையும் எழுதிக் கொடுத்திருக்காங்க. முதல் நாள் தட்டுல வச்சு தண்ணியோட கொண்டு போனேன், அந்த வெள்ளை மாத்திரையப் பார்த்ததும் அக்கா ஓன்னு அழுதுட்டா. ஆபரேஷனுக்கே அழாதவ. என்னம்மா வலிக்குதான்னு கேட்டா தலைய மட்டும் ஆட்டுறா. ரொம்ப நேரம் கழிச்சுத்தான் சொன்னா. முகாம்ல காலைச் சாப்பாட்டுக்கு அப்புறம் எல்லாருக்கும் இதே மாத்திரைய வரிசையில நிக்க வச்சுக் கொடுப்பாங்களாமே, அவளுக்கு அது வயித்தக் கட்டி உப்பிப் போயி ஓட முடியலன்னு, வாயில போடுற மாதிரி போட்டுட்டு உள்ளங்கையில வச்சுக்குவாளாம். குப்பையில போட்டா மாட்டிக்குவோம்னு உன் கிட்ட கொடுப்பாளாம், நீ உன்னோடதையும் அவளோடதையும் சேர்த்து முழுங்கிட்டு, உன் எலும்பையும் நானே வளர்த்துக்கிறேன் போன்னு சிரிப்பியாம். ஓட்டத்துல அவ விழுந்த அன்னைக்கு ஸ்ட்ரெச்சர் பக்கத்துல நின்னு, உன் மாத்திரையெல்லாம் நான் தின்னுட்டேன்க்கான்னு நீ சொன்னதையும் சொன்னா. வலியில அவளால பதில் சொல்ல முடியலையாம். அன்னைல இருந்து நீ ஒரு போன்ல கூட அக்கா எப்படி இருக்கான்னு கேக்கல. பெத்தவளே உன்னக் கல்நெஞ்சுக்காரின்னு நினைச்சுட்டேன்டி. இதை நெஞ்சுல வச்சுக்கிட்டா அங்க தனியா கிடந்தே.

உன்னைத் தேத்தறதுக்காகப் பொய் எழுத மாட்டேன், நீ கண்டுபிடிச்சிடுவே. நான் டாக்டரம்மாகிட்ட நேராவே கேட்டேன், அந்த மாத்திரை போட்டிருந்தா எலும்பு தப்பிச்சிருக்குமான்னு. அதனால இல்லம்மான்னு ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு கெஞ்சினேன். அவங்க எக்ஸ்ரே படத்தைப் பார்த்துட்டு, தப்பிச்சிருக்கும்னும் சொல்ல முடியாது, தப்பிச்சிருக்காதுன்னும் சொல்ல முடியாதுன்னாங்க. மாத்திரை கொஞ்சம் துணை, அவ்வளவுதானாம். அவளுக்கு முகாம்ல சேர்றதுக்கு முன்னாடியே உடம்புல அந்த வைட்டமின் கம்மியாம், ரத்தத்துல இரும்புச்சத்தும் கம்மியாம். எடை ஏறிடும்னு பாதித் தட்டோட எழுந்துக்கிட்டு, மாசாமாசம் வர்றது நின்னு போனதையும் யாருகிட்டயும் சொல்லாம, தொடை இடுக்குல வலிச்சப்பவும் ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு மூட்டையத் தூக்கிட்டு ஓடியிருக்கா. இதுல எதுல உடைஞ்சதுன்னு பிரிச்சுச் சொல்ல எந்த டாக்டராலயும் முடியாதுன்னாங்க. இன்னொண்ணும் சொன்னாங்க, அந்த எலும்புக்கு ரத்தம் சரியா போகலன்னா பந்து மாதிரி இருக்கிற முனை செத்துப் போகுமாம், அப்ப இடுப்பையே மாத்தணுமாம், இந்த வயசுல. அக்காவும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தா. எனக்கு எதை நம்புறதுன்னே தெரியலடி, கும்பிடக் கூட கை எழும்பல.

இப்ப நீ. போன தடவை பேசும்போது முழங்காலுக்குக் கீழ ஒரு இடத்துல தொட்டா வலிக்குது, ஒண்ணுமில்லன்னு சொன்னே. அந்த ஒண்ணுமில்லைய நான் இந்த வீட்டுல ஏற்கெனவே கேட்டாச்சு. அடுத்த வாரம் பயிற்சியோட கடைசி நெடுநடை, மூட்டையோட, அதைத் தவற விட்டா உன் கூட சேர்ந்தவங்க எல்லாம் முன்னால போயிடுவாங்க, நீ பின்னால வர்ற பிள்ளைங்களோட மறுபடி தொடங்கணும், எல்லாம் தெரியும். அதுக்காக மறைக்கிறியா, இல்ல அக்காவுக்கு ஆனது எனக்கும் ஆகட்டும்னு உனக்கு நீயே தண்டனை கொடுத்துக்கிறியா, அதுதான் என் பயம். நீ காலை முறிச்சுக்கிட்டா அவ எலும்பு ஒட்டிடாது. இன்னொரு நாற்காலியத் தூக்க அப்பா தோள்ல தெம்பு இல்ல. உனக்குக் கொடுக்கிற மாத்திரைய மட்டும் போடு, வேகமா ஆறும்னு கூடுதலா முழுங்காதே, அதிகமானா சிறுநீரகத்துல கல்லு வரும்னு டாக்டரம்மா சொன்னாங்க. தட்டுல போட்டத மிச்சம் வைக்காதே. மாசாமாசம் ஒழுங்கா வருதான்னு கவனி, அதை அங்க இருக்கிற டாக்டர்கிட்ட சொல்றதுல வெக்கம் ஒண்ணும் இல்ல.

அக்காவ ரெண்டு வரி எழுதச் சொல்லி காகிதத்தை நீட்டினேன், தள்ளி விட்டுட்டா. இன்னைக்குக் காலையில நான் செருப்பு மாட்டும்போது உள்ள இருந்து கூப்பிட்டா. அந்த மாத்திரை ஒருத்திக்காவது போச்சேம்மா, குப்பைக்குப் போகாமன்னா. இதை அவளுக்கு எழுதிடாதே, அழுவான்னா. மறுபடி சுவத்துப் பக்கம் திரும்பிட்டா. நான் எழுதிட்டேன்.

நீ முழுசா இருக்கணும், என் ஆயுசும் சேர்த்து நல்லா இருக்கணும், இதைத் தவிர வேண்டிக்க என்கிட்ட ஒண்ணும் இல்ல. கடிதம் கிடைச்ச உடனே மெடிக்கல் ரூமுக்குப் போயி காலைக் காட்டு. காட்டிட்டு போன் பண்ணு, என்கிட்ட பேசாட்டியும் பரவாயில்ல, அக்காவக் கூப்பிடுன்னு சொல்லு, போனை அவ காதுல நான் வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்க ரெண்டு பேரையும் பெத்த
அம்மா