பச்சைக் கூண்டின் புறாக்கள்

தை 8, ஞாயிறு
காலையில் பனி. ரயில் கொட்டகைப் புகையும் சேர்ந்து கண் எரிச்சல். என் வீட்டுக்காரருக்கு நேற்றுக் கருமாதி முடிந்தது. வழக்கப்படி இன்று வீட்டுக்கு வெள்ளையடிப்பு. மாடியிலிருந்த பச்சைப் புறாக்கூண்டையும் கொழுந்தன் விடவில்லை. சாவு வீட்டில் பச்சை நிறம் எதற்காம். நானும் சுண்ணாம்பு கரைத்துக் கொடுத்தேன்.

மாலையில் கூடையில் அடைத்திருந்த புறாக்களை முற்றத்தில் திறந்துவிட்டேன். சுற்றின, சுற்றின. ஒன்றும் இறங்கவில்லை. கடைசியில் அடுத்த தெரு மாணிக்கம் நைனா கூண்டில் போய் உட்கார்ந்தன. என் வீட்டுக்காரர் உயிராக வளர்த்த சாம்பல் பெட்டையும்.

தை 9, திங்கள்
குழாயடியில் மா. நைனா. என் வீட்டுக்காரரோடு எப்போதும் புறாப் பந்தயம் கட்டின ஆள். "எறங்கின கூண்டுக்குத்தான் புறா சொந்தம்மா. ஒன் வூட்டுக்காரன் வச்ச சட்டம். ஆளு இல்லன்னு அதுங்களுக்கே தெரிஞ்சிபோச்சி."

குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். கூண்டைப் பிரித்து விறகாக்கலாம் என்கிறான் கொழுந்தன்.

தை 10, செவ்வாய்
துணி காயப்போட மாடிக்கு. சுற்றிலும் பொங்கலுக்கு அடித்த வெள்ளை மாடிகள். எங்களுடையதும் வெள்ளை. அப்போதுதான் உறைத்தது. அவர் சொல்வார்: "தூரத்துல சர்ச்சு கோபுரம், கிட்ட வந்தா ரயில் கொட்டாய், அப்பால நம்ம பச்சை. அத்தப் பாத்துதான் எறங்குது தங்கம். என் மூஞ்சியப் பாத்துன்னு நெனச்சிக்கினியா?"

ஆள் இல்லை என்று போகவில்லை. பச்சை இல்லை என்று போயிருக்கின்றன.

வேண்டியது: மண்ணெண்ணெய், பழைய பிரஷ், ஏணி.

படகுக்கு அடித்து அவர் மிச்சம் வைத்த பச்சை பெயிண்ட் டப்பா. மேலே ஆடை கட்டியிருந்தது. குத்திக் கிளறி, கூண்டு முழுக்க அடித்தேன். ஊர் சிரிக்கும் என்று கொழுந்தன் கீழே நின்று கத்தல். சிரிக்கட்டும். வெள்ளைப் புடவை முழுக்கப் பச்சை.

தை 12, வியாழன்
நல்ல வெயில், கடல் காற்று. மா. நைனா ஊருக்குக் காட்ட எங்கள் புறாக்களைப் பறக்கவிட்டார், தன் பந்தயப் புறா கறுப்பனோடு சேர்த்து. கொட்டகைக்கு மேல் ஒரு வட்டம். சாம்பல் பெட்டை தலையைச் சாய்த்தது. நேரே பச்சைமேல். பின்னாலேயே மற்றவை. அதன் வால் பிடித்துக் கறுப்பனும்.

அழுகை. சிரிப்பும்.

மாலை மா. நைனா வாசலில், கறுப்பனைக் கேட்டு.

"எறங்கின கூண்டுக்குத்தான் புறா சொந்தம் நைனா. என் வூட்டுக்காரர் வச்ச சட்டம்," என்றேன்.

தை 15, ஞாயிறு
சாம்பல் பெட்டை பழைய மூலைச் சட்டியில்தான் கூடு கட்டுகிறது. கறுப்பன் குச்சி பொறுக்கிக் கொடுக்கிறான். தீனிக் கம்பு தீர்ந்தது. நான் சொல்லாமலே கொழுந்தன் வாங்கப் போயிருக்கிறான்.