தொட்டி வாயில் தொங்கும் டம்ளர்

அனுப்புநர்:
ஜே. வியாகுலம்மாள்,
(காலஞ்சென்ற ஜேக்கப்பின் மனைவி),
கல்மண்டபம் பின்சந்து,
ராயபுரம், சென்னை-13.

பெறுநர்:
உயர்திரு தொழிலாளர் நல அலுவலர் அவர்கள்,
துறைமுகப் பகுதி, சென்னை.

பொருள்: கப்பல்களில் துரு தட்டும் தொழிலாளர்களுக்குப் பிற்பகல் மூன்று மணிக்கு வழங்கப்படும் தேநீரை நிறுத்த அனுமதிக்கக் கூடாது எனக் கோருவது தொடர்பாக.

பார்வை: ஒப்பந்தக் கம்பெனியார் துறைமுக வாயிலருகே ஒட்டியுள்ள அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் கான்வென்ட்டில் எட்டாவது வரை படித்தவள். வண்ணாரப்பேட்டை ஜவுளிக் கடைகளுக்குச் சட்டைப் பொத்தான் கட்டிக் கொடுத்துப் பிழைக்கிறேன். இந்த மனுவை என் கைப்படவே எழுதியிருக்கிறேன். கோர்ட் வாசலில் மனு எழுதுகிறவரிடம்தான் முதலில் போனேன். பாதி கேட்டதுமே பேனாவை மூடிவிட்டு, "இதெல்லாம் எழுதக் கூடாதும்மா, பைத்தியம்னு ஃபைல மூடிடுவாங்க" என்றார். எழுதக் கூடாது என்று அவர் சொன்னதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். பொறுமையுடன் முடிவு வரை படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

2. கம்பெனியாரின் அறிவிப்பில், பிற்பகல் தேநீரின் அருமை வீணாகப் பெரிதுபடுத்தப்படுகிறது என்றும், அதனால் உடலுக்கு ஒரு பயனும் இல்லை, வேலை நேரம்தான் பாழாகிறது என்றும், ஆகவே வரும் முதல் தேதியிலிருந்து அது நிறுத்தப்படும் என்றும் கண்டிருக்கிறது. ஆட்சேபம் உள்ளவர்கள் தங்களுக்கு எழுதலாமாம். சங்கத்தார் ஏற்கனவே எழுதிவிட்டார்கள் என்று கேள்வி. அந்தத் தேநீர் அமுதம், உழைப்பவனின் ஒரே இன்பம் என்றெல்லாம் எழுதியிருக்கிறார்களாம்.

3. ஐயா, அமுதமாவது ஒன்றாவது! அந்த டீயை நான் குடித்துப் பார்த்திருக்கிறேன். பழைய தூளை வெல்லத்தோடு போட்டுக் கொதி கொதியென்று கொதிக்கவிட்டு, அடிபிடித்த பாலைக் கண்ணில் காட்டி எடுத்தது. கெட்டில் கழுவின தண்ணீர் என்றாலும் தகும். ருசியைப் பற்றிய மட்டில் கம்பெனியார் சொல்வதே சரி. ஆனாலும் அதை நிறுத்தக் கூடாது என்று கேட்கவே இந்த மனு.

4. அதை நான் குடித்துப் பார்த்ததற்குக் காரணம் என் கணவர் ஜேக்கப். துரு தட்டும் வேலையில் இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் இஞ்சி தட்டிப் போட்டு, நல்ல பால் ஊற்றி, பார்த்துப் பார்த்து டீ போட்டுக் கொடுப்பேன். பாதி குடித்துவிட்டு டம்ளரை நகர்த்திவிடுவார். "நல்லாத்தான் கீது. ஆனா நம்ம பாய் டீ மாதிரி வராதுமே" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படி என்னதான் இருக்கிறது பாய் டீயில் என்று ஒருநாள் ஜஹாங்கீர் பாயை வழிமறித்து ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தேன். ஜஹாங்கீர் பாய்தான் இன்றைக்கும் துறைமுகத்துக்குள் டீ கொண்டுபோகிறவர். நான் முகம் சுளித்ததைப் பார்த்து அவர் சிரித்தார். "வெளிய நின்னுகினு குடிச்சா இப்டிதாமா இருக்கும். உள்ளேர்ந்து வந்து குடிக்கணும்" என்றார். அன்றைக்கு அது எனக்கு விளங்கவில்லை.

5. 'உள்ளே' என்பது எது என்று தாங்கள் அறிய வேண்டும். கப்பலின் அடியில், இரண்டு தகட்டுக்கு நடுவே இரும்புத் தொட்டிகள் இருக்கின்றன. நிமிர்ந்து உட்காரவும் முடியாது. அறை அறையாகத் தடுத்து, தடுப்பில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை விட்டிருக்கும். தவழ்ந்து தவழ்ந்துதான் போக வேண்டும். மேலே, ஒரு ஆள் உடம்பைக் குறுக்கி இறங்குகிற மாதிரி ஒரே ஒரு வாய். உள்ளே போனவர்கள் சுத்தியலால் துருவைத் தட்டித் தட்டி எடுப்பார்கள். அந்தச் சத்தத்தில் செவிடாகாமல் இருக்கக் காதில் பஞ்சு அடைத்துக்கொள்வார்கள். மேலேயிருந்து யார் கத்திக் கூப்பிட்டாலும் காதில் விழாது.

6. அதற்காகத்தான் அந்த மனிதர்களே ஒரு வழக்கத்தை வைத்திருக்கிறார்கள். எந்தச் சட்டத்திலும் அது கிடையாது. தொட்டிக்குள் இறங்கும்போது ஒவ்வொருவரும் தன் சொந்த டம்ளரைத் தொட்டி வாயருகே கட்டிய கம்பியில் மாட்டிவிட்டுத்தான் இறங்குவார்கள். மூன்று மணிக்கு ஜஹாங்கீர் பாய் வந்து, கரண்டிக் காம்பால் இரும்பில் மூன்று தட்டுத் தட்டுவார். அது காதுக்குக் கேட்காது. தரையில் ஊன்றிய முழங்காலுக்குத் தெரியும். டீ வந்துவிட்டது என்று எல்லாரும் ஏறி வந்து அவரவர் டம்ளரை எடுத்துக்கொள்வார்கள். கம்பியில் ஒரு டம்ளர் மிஞ்சினால், "யாருபா இன்னும் உள்ள கீறது?" என்று பாய் சத்தம் போட்டு ஆளை அனுப்பித் தேடச் சொல்வார். இப்படி, மயங்கிக் கிடந்தவர்களைத் தூக்கி வந்தது உண்டு. டம்ளர் தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறான். இந்த ஒரு கணக்குத்தான் அங்கே தப்பாமல் இருந்தது.

7. டம்ளர் கணக்கு வேண்டாம், தலையை எண்ணிக்கொள்வோம் என்கிறார்கள் கம்பெனியார். 1969-ஆம் வருடம், மழைக்காலத்துக்கு முந்தின ஒரு வெள்ளிக்கிழமையும் தலையைத்தான் எண்ணினார்கள். அன்று சாயங்காலமே கப்பல் கிளம்ப வேண்டும் என்று அவசரம். மேஸ்திரி நீலமேகம், "இன்னிக்கு டீ கெடியாது, சீக்கிரமா முட்ச்சிட்டு வூட்டுக்குப் போங்கபா" என்று சொல்லி, டீக்காக யாரும் காத்து நிற்கக் கூடாதென்று, கம்பியில் தொங்கிய டம்ளர்களையெல்லாம் ஒரு கோணிப்பைக்குள் போட்டுக் கட்டிவிட்டார். ஜஹாங்கீர் பாயை வாயிலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் கெட்டிலோடு திரும்பிப் போனார்.

8. வேலை முடிந்தது என்று ஒருவரை ஒருவர் தொட்டுச் சொல்லி ஏறி வந்தார்கள். கடைசி அறையில் இருந்த என் கணவரை யாரும் தொடவில்லை. மேலே நின்ற தலைகளை மேஸ்திரி எண்ணினார். சரியாக இருந்ததாம். வேடிக்கை பார்க்க வந்து நின்ற கப்பல்காரன் ஒருவனையும் சேர்த்து எண்ணியது பிறகுதான் தெரிந்தது. மூடியைப் போட்டுத் திருகு முடுக்கினார்கள். கூட வேலை செய்த ஜெயவேல் என் காலைப் பிடித்துக்கொண்டு, "அவரு முன்னாடியே பூட்டாருன்னு நென்ச்சேன் அக்கா" என்று அழுதான். அவனை நான் என்ன சொல்வது? டம்ளர் தொங்கியிருந்தால் அவனே இறங்கித் தேடியிருப்பான்.

9. அன்று சாயங்காலம் மீன் வாங்கக் கடற்கரைக்குப் போயிருந்தேன். அந்தக் கப்பல் விளக்குப் போட்டுக்கொண்டு எண்ணூர்ப் பக்கமாகத் திரும்பிப் போவதைப் பார்த்தேன். பக்கத்தில் நின்றவளிடம், பார்க்க எவ்வளவு அழகாக இருக்கிறது என்றுகூடச் சொன்னேன். அதன் அடியில் என் புருஷன் இருந்தார், ஐயா.

10. விசாகப்பட்டினத்தில் தொட்டியைத் திறந்தபோதுதான் கண்டார்கள். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. தொழிலாளியின் கவனக்குறைவு என்று விசாரணையில் எழுதி முடித்தார்கள். ஆனால் அந்தக் கப்பலில் இருந்த ஒருவர், அடுத்த முறை சென்னைக்கு வந்தபோது, மனசு கேட்காமல் என் வீட்டைத் தேடி வந்தார். வழி நெடுக அடியிலிருந்து தட்டுகிற சத்தம் வந்துகொண்டிருந்ததாம். எங்கோ திருகு கழன்று ஆடுகிறது என்று விட்டுவிட்டார்களாம். எப்படித் தட்டியது என்று கேட்டேன். என் வீட்டுக் கதவில் விரலால் தட்டிக் காட்டினார். மூன்று தட்டு. சற்று நின்று, மறுபடி மூன்று. மேலே இருக்கிறவர்கள் உள்ளே இருப்பவனைக் கூப்பிடுகிற தட்டு அது. உள்ளே இருந்தவர் அதே தட்டால் மேலே இருந்தவர்களைக் கூப்பிட்டிருக்கிறார். கடல் முழுக்கக் கூப்பிட்டும் ஒருவரும் வரவில்லை.

11. கோணிப்பையில் இருந்த அவருடைய டம்ளரைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அடியில் ஆணியால் குத்திச் சிலுவை போட்டிருப்பார். அதை வாசற்படிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினேன். அடுத்த நாளிலிருந்து, பிற்பகல் மூன்று மணிக்கு அது சுவரில் மூன்று தடவை தட்டும். கடற்காற்று என்றார்கள். நானும் காற்று என்றே சொல்லிக்கொண்டேன். இலை அசையாத சித்திரை வெயிலிலும் தட்டியது. எடுத்துப் பெட்டிக்குள் வை என்று பங்குச் சாமியார் சொன்னார். அவர்கள் வழக்கப்படி, டம்ளர் தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். அவர் ஏறி வராமல் நான் எப்படி எடுப்பேன்?

12. இரண்டு வருடத்துக்கு முன்பு, இறந்தவர் மகன் என்று சொல்லி என் ஒரே பிள்ளை யேசுதாசுக்கு அதே வேலையைக் கம்பெனியார் கொடுத்தார்கள். வேறு வேலை தேடி அவன் பெரம்பூர் வரைக்கும் அலைந்தான், கிடைக்கவில்லை. முதல் நாள் கிளம்பும்போது ஆணியிலிருந்து டம்ளரை அவனே எடுத்துக்கொண்டான். புதிது வாங்கித் தருகிறேன் என்றேன். "வாணாம்மா, இதே போதும்" என்றான். அன்றிலிருந்து என் வீட்டில் சத்தம் நின்றது. மூன்று மணி ஆனால், பாய் தட்டியிருப்பார், பிள்ளை ஏறி வந்திருப்பான் என்று ஊசியைக் கீழே வைத்து மூச்சு விடுவேன். நாள் முழுக்க எனக்கும் அந்த ஒரு நிமிடம்தான் ஓய்வு. பாய் டீயின் ருசி என்ன என்று அப்போதுதான் விளங்கியது. செத்துவிடாமல் வெளிச்சத்துக்கு ஏறி வந்த வாய்க்கு அது ருசிக்கிறது. நல்ல டீயா கெட்ட டீயா என்று வெளியே நாற்காலியில் இருப்பவர்கள் தீர்ப்புச் சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

13. சென்ற மாதம், அறிவிப்பு ஒட்டுவதற்கு முன் ஒருநாள், சோதனையாகத் தேநீரை நிறுத்திப் பார்த்தார்கள். டீதான் கிடையாதே என்று யேசுதாஸ் டம்ளரைப் பழைய ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டான். நான் பொத்தான் கட்டிக்கொண்டிருந்தேன். காற்றே இல்லை. மூன்று மணிக்கு டம்ளர் தட்டியது. கையிலிருந்த சட்டையைக் கீழே போட்டுவிட்டு, செருப்பும் இல்லாமல் துறைமுக வாயிலுக்கு ஓடினேன். "எம்புள்ள உள்ள கீறான், மூடிய போடாதீங்க" என்று கத்தினேன். காவல்காரர்கள் என்னைப் பிடித்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். வேலை முடிந்து பிள்ளை வெளியே வந்தான். "இன்னாமா நீ, மானத்த வாங்கறே" என்று திட்டிக்கொண்டே கூட வந்தான்.

14. கல்மண்டபம் திரும்பும்போது அவனே நின்றான். குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "மூணு மணிக்கு மேல தட்னாங்கம்மா. எல்லார்க்கும் முட்டில தெர்ஞ்சுது. பாய் வந்துட்டாருன்னு ஏறி வந்தோம். யாரையும் காணோம். கெட்டிலும் இல்ல. மேஸ்திரி ஏண்டா வந்தீங்கன்னு கத்தறாரு." வீட்டில் டம்ளர் தட்டியதும் அதே மூன்று மணிக்குத்தான். இனி அந்த டம்ளர் வீட்டில் தொங்கக் கூடாது என்று, வந்ததும் ஆணியைப் பிடுங்கிக் கடலில் எறிந்தேன்.

15. சென்ற வாரம் தங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்தேன். ஐயா டீ சாப்பிடுகிறார், உட்கார் என்றார்கள். உட்கார்ந்தேன். திறந்திருந்த கதவு வழியாகத் தங்கள் கோப்பை தெரிந்தது. தாங்கள் சர்க்கரையைக் கலக்கி முடித்துக் கரண்டியைக் கோப்பை விளிம்பில் மூன்று தடவை தட்டினீர்கள். என் உடம்பு தானாக எழுந்துவிட்டது. மனுவைக் கொடுக்காமலே திரும்பிவிட்டேன். மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதனால்தான் தபாலில் அனுப்புகிறேன்.

16. ஆகவே ஐயா அவர்கள் கருணைகூர்ந்து, தேநீரின் ருசி எப்படியிருந்தாலும், கப்பல் எவ்வளவு அவசரமாகக் கிளம்புவதானாலும், மூன்று மணிக்கு ஜஹாங்கீர் பாய் தொட்டி வாயில் வந்து தட்ட வேண்டும் என்றும், கம்பியில் ஒரு டம்ளர் தொங்கினாலும் மூடியைத் தொடக் கூடாது என்றும் உத்தரவு போட வேண்டுகிறேன். தூளுக்கும் பாலுக்கும் செலவாகிறது என்று கம்பெனியார் அழுதால் வெறும் வெந்நீரை ஊற்றட்டும். பிள்ளைகள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

17. தாங்கள் உத்தரவு போடாவிட்டாலும் மூன்று மணிக்குத் தட்டு விழும் என்று எனக்குத் தெரியும். அதை நினைத்துத்தான் இரவெல்லாம் எனக்குத் தூக்கம் இல்லை. உயிரோடு இருந்தவரை அந்தத் தொட்டிகளில் அவர் முழங்கால் தேய உழைத்தார். செத்த பிறகும் ஆளை எழுப்பி வெளியே அனுப்புகிற வேலையை அவர் தலையில் கட்ட வேண்டாம். அது டீ கொண்டுவருகிறவர் வேலை. அதை ஜஹாங்கீர் பாயிடமே கொடுத்து, என் கணவரை இனியாவது ஏறி வரவிடும்படி தங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: ராயபுரம்
நாள்: 19-11-1973

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
ஜே. வியாகுலம்மாள்

இணைப்பு: கம்பெனியாரின் அறிவிப்பு, என் கையால் எழுதிய நகல்.