டீசலில் அலசிய சட்டை

செப்டம்பர் 12

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். அங்கே எல்லோரும் சுகம்தானே? எனக்குத் தூக்கம் ஒன்றுதான் குறை.

இத்துடன் இரண்டு மஞ்சள் மேல்சட்டைகள் வருகின்றன. மார்பிலும் முதுகிலும் ஓடுகிற வெள்ளிப் பட்டை உன் அக்கா செய்தது. அதில் மாவைவிடப் பொடியான கண்ணாடி மணிகள் ஒட்டியிருக்கின்றன. வண்டி வெளிச்சம் பட்டால் அப்படியே ஓட்டுகிறவர் கண்ணுக்குத் திருப்பி அனுப்பும். மணிகள் எல்லாக் கம்பெனியிடமும் உண்டு. துவைக்கத் துவைக்க அவை உதிராமல் பிடித்துக்கொள்ளும் பாலிமர் பசைதான் எங்கள் கண்டுபிடிப்பு. பதினோரு வருடம், முந்நூற்றுச் சொச்சம் கலவை. கடைசியில் ஒன்று தாங்கி நின்றுவிட்டது. எனக்குத்தான் நிற்கத் தெம்பில்லை.

ஒன்றைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போ. மற்றது, முதல் சட்டை கிழிந்தால் மாற்றிக்கொள்ள. பத்துத் துவைப்புக்கு ஒருமுறை பட்டையில் விரல் நீளம் வெட்டித் தபாலில் போடு. துவைக்கும் முறையைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன்: வெதுவெதுப்பான தண்ணீர், சோப்புத்தூள். எங்கள் ஆய்வுக்கூடத்து இயந்திரத்தில் ஐம்பது துவைப்பு தாங்கியது. ஆனால் இயந்திரம் ரோடு போடப் போவதில்லையே. உன்னை விட்டால் யாரிடம் கேட்பேன்?

உன் அக்கா


அக்டோபர் 20

அக்காவுக்கு,

பத்தாவது துவைப்புத் துண்டு உள்ளே இருக்கிறது. உன் தாளில் எழுதியதில் ஓர் எழுத்துகூடப் பிசகாமல் உன் தம்பி பெண்டாட்டி துவைத்தாள். முதல் நாள் ரோலர் ஓட்டுகிறவர், "யப்பா, கண்ணு கூசுது, கொஞ்சம் தள்ளி நில்லு"ன்னு கிண்டல் பண்ணினார். எங்க அக்கா செஞ்சதுன்னு சொன்னேன். அன்று முழுக்க நெஞ்சு நிமிர்ந்தே இருந்தது.

இடுப்பு வலி அப்படியேதான். கொதிக்கிற தார்ப் பக்கத்தில் நாள் முழுக்க நின்றால் வேறென்ன வரும்? போன வருடமே வருகிறேன் என்றாய். என் வீட்டு வாசல் எந்தப் பக்கம் என்றாவது ஞாபகம் இருக்கிறதா?

தம்பி


நவம்பர் 28

அன்புத் தம்பி,

இருபதாவது துண்டும் வந்தது. வயிற்றில் பால் வார்த்தாய். புதுப் பட்டையை நூறு என்று வைத்தால் இது தொண்ணூற்றாறு. மூன்று முறை அளந்தேன். எங்கள் மேலாளர் சிரித்து நான் பார்த்ததேயில்லை, அவரே சிரித்துவிட்டார்.

முப்பதாவது துண்டு வந்ததும் நான் கையெழுத்துப் போட வேண்டும். அதன்பின் ரோடு வேலை செய்கிற ஆறாயிரம் பேருக்கு இதே சட்டை. கையெழுத்துப் போட்ட மறுநாள் உன் வீட்டுக்கு வருகிறேன். யாரும் எழுப்பக் கூடாது. இரண்டு நாள் தூங்கவேண்டும்.

அக்கா


டிசம்பர் 19

அக்கா,

இதில் துண்டு இல்லை. எப்படி எழுதுவதென்றே தெரியாமல் நாலு நாளாகத் தாளைக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

தார் பிசுக்கு சோப்புத்தூளுக்கெல்லாம் போகாது. ரோலரிலிருந்து கொஞ்சம் டீசல் பிடித்து, அதில் அலசிவிட்டுத்தான் நாங்கள் எல்லோரும் துவைப்போம். உன் சட்டையையும் பழக்கத்தில் அப்படியே செய்துவிட்டேன். ஆறாவது துவைப்பிலேயே பட்டை கறுத்துப்போனது. தொட்டால் மணி விரலில் வருகிறது. நீ எழுதிக் கொடுத்தும் கேட்காமல் பதினோரு வருட உழைப்பைக் கெடுத்தேனே என்று பயந்துவிட்டேன். அதனால் இரண்டாவது சட்டையைப் போடாமலே வைத்து, வாரம் மூன்று தடவை சோப்பில் துவைக்கும்படி என் பெண்டாட்டியிடம் சொன்னேன். "அழுக்கே ஆகாத சட்டைய எதுக்குங்க தொவைக்கணும்? பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். உனக்கு வந்த இரண்டு துண்டும் அதில் வெட்டியவைதான்.

திங்கட்கிழமை விடிகாலை நல்ல பனி. வண்டிகளை மறிக்கக் கொடியோடு நின்றேன். லாரி ஒன்று மேலே வந்துவிட்டது. ஜல்லியில் விழுந்து தப்பித்தேன், முழங்கையில் சிராய்ப்புதான். டிரைவர் இறங்கி வந்து, "யோவ், சட்டை போட்டிருக்கியா இல்லையா? ஒண்ணுமே தெரியலையே!" என்று கத்தினார்.

ஆறாயிரம் பேர் என்று எழுதியிருந்தாய். கையெழுத்துப் போடாதே அக்கா. என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு.

தம்பி


டிசம்பர் 26

தம்பி,

லாரி வந்த இடத்தையே திரும்பத் திரும்பப் படித்தேன். பிறகு உன்மேல் கோபம் கோபமாக வந்தது. இப்போது எதுவுமில்லை, அசதிதான்.

மேலாளரிடம் சொன்னேன். "டீசல்ல தொவைக்கக் கூடாதுன்னு ஒரு லேபிள் தைச்சுட்டா போச்சு, கையெழுத்தப் போடுங்கம்மா" என்றார். நான் எழுதிய தாளையே என் கூடப் பிறந்தவன் கேட்கவில்லை, லேபிளை யார் படிப்பார்கள்? போடவில்லை. என்னோடு இருந்த இரண்டு பேரை வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்கள்.

தப்பு உன்னுடையது மட்டுமல்ல. ரோட்டில் தார் இருக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. பதினோரு வருடத்தில் ஒருநாள் நீ வேலை செய்கிற இடத்தில் வந்து நின்றிருக்கிறேனா?

பொய்யைக்கூட மன்னித்துவிட்டேன். நான் வருத்தப்படக் கூடாதென்று, நல்ல சட்டையை வீட்டில் மடித்துவைத்துவிட்டு, செத்த சட்டையோடு இரண்டு மாதத்துக்கு மேல் வண்டிகளுக்கு நடுவில் நின்றாயே. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கடையில் வாங்கிய சட்டை ஒன்று அனுப்புகிறேன். வேறு கம்பெனியுடையது. சுமாரானதுதான், டீசலுக்குக் கொஞ்சம் தாங்கும். நான் சொல்கிறவரை இதைத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கறுத்த சட்டையை அப்படியே, துவைக்காமல் அனுப்பு.

அக்கா


ஏப்ரல் 17

அக்காவுக்கு,

பிப்ரவரியில் நீ வந்து மூன்று நாள் எங்களோடு தார் வாசத்தில் நின்றதை எல்லோரும் இன்னும் பேசுகிறார்கள். "உங்க அக்காவுக்கு இடுப்பு வலி தேவலையா?" என்று ரோலர்காரர் கேட்டார்.

நீ புதுக் கலவையில் செய்து அனுப்பிய பட்டையை, நீ சொன்னபடி கடைச் சட்டைக்கு மேலேயே தைத்துப் போட்டுக்கொண்டேன். டீசலில்தான் அலசினேன். துண்டு உள்ளே இருக்கிறது. பதினான்காவது துவைப்பு. ஓரத்தில் கறுக்க ஆரம்பித்துவிட்டது. விரலால் தேய்த்துப் பார்த்தேன், மணி உதிர்கிறது.

இதுவும் தோற்றுவிட்டது அக்கா. எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

உன் தம்பி