அர்ச்சனைச் சீட்டில் ஒரு திருத்தம்

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனை நீ எடுப்பதில்லை, எடுக்காததும் நியாயம்தான். அதனால் கடிதம். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் ஒரு முறை படித்துவிட்டுக் கிழி.

நேற்று குடும்பத்தோடு மலை மேல் இருக்கும் அம்மன் கோயிலுக்குப் போய் வந்தோம். ஏற்பாடெல்லாம் உன் பெரியப்பா. பதினெட்டாம் தேதி கோர்ட்டில் உன் விவாகரத்து வழக்கு வருகிறதல்லவா, அதற்குள் அம்மனிடம் முறையிட்டால் உனக்குப் புத்தி வந்து அவனோடு திரும்பிப் போய்விடுவாயாம். அடித்தவனுக்குப் புத்தி வர வேண்டும் என்று இந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை பார்.

அறுநூற்று நாற்பது படி. உன் தம்பி இரண்டிரண்டாகத் தாவி ஏறினான். உன் பெரியம்மா வளைவுக்கு வளைவு உட்கார்ந்து, என் முழங்கால் வலிக்கிறதா என்று விசாரித்தாள். அவளுடையது வலிக்கிறது என்று அர்த்தம். மேலே கோயில் சின்னதுதான். பாறையைக் குடைந்த கருவறை, நாலு கறுத்த தூண், குனியாவிட்டால் தலையில் இடிக்கும். எண்ணூறு வருஷம் பழசாம். வாசலில் வைத்திருக்கும் வரலாற்றுப் பலகையை விடுவேனா, நின்று படித்தேன். மூன்று எழுத்துப்பிழை. இருபத்தாறு வருஷம் அச்சகத்தில் பிழை பார்த்த கண் வேறென்ன செய்யும்? அம்மனுக்கு முதல் விளக்கு வைத்தது ஒரு பெண் என்றும், அவள் பெயர் உள்ளே பாறையில் இருக்கிறது என்றும் அதில் போட்டிருந்தது. போய்த் தடவிப் பார்த்தேன். அந்தக் காலத்து எழுத்து எனக்கு விளங்கவில்லை, ஆனால் விரலுக்குத் தட்டுப்பட்டது.

அப்போதுதான் உன் பெரியப்பா செய்யக்கூடாத காரியத்தைச் செய்தார். அர்ச்சனைக்காக எல்லோருடைய பெயரும் நட்சத்திரமும் எழுதிய சீட்டை என்னிடம் நீட்டி, நீதான் பிழை பார்க்கிறவளாச்சே, எதாவது விட்டுப்போயிருக்கான்னு பார்த்துக் குடும்மா என்றார்.

பார்த்தேன். பதினோரு பெயர். உன் தம்பிக்கு அடுத்து மாப்பிள்ளை பெயர், நட்சத்திரத்தோடு, முத்து முத்தாக. உன் பெயரைக் காணோம். கேட்டதற்கு, அவ முதல்ல அவர் கால்ல விழட்டும், அப்புறம் சேர்த்துக்கலாம், இப்ப விடு என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! எவளோ ஒருத்தியின் பெயர் எண்ணூறு வருஷமாகப் பாறையில் இருக்கலாம், நான் பெற்றவள் பெயர் ஒரு துண்டுச் சீட்டில் இருக்கக் கூடாதா? கைப்பையில் எப்போதும் கிடக்கும் சிவப்புப் பேனாவை எடுத்தேன். அவன் பெயரை அடித்து, ஓரத்தில் நீக்கல் குறி போட்டேன். எல்லோருக்கும் மேலே உன் பெயரையும் நட்சத்திரத்தையும் எழுதி, செருகல் குறி போட்டு அர்ச்சகர் கையில் கொடுத்துவிட்டேன். எங்கள் அச்சகத்தில் பக்கம் கட்டுகிறவருக்கே பாதி நேரம் புரியாத என் குறிகள் அந்த மனிதருக்கு ஒரே பார்வையில் புரிந்தன. கணீரென்று உன் பெயரைத்தான் முதலில் சொன்னார். பாறைக் குகை அல்லவா, இரண்டு தடவை கேட்டது.

சன்னிதி என்றும் பாராமல் பெரியப்பா குதித்தார். குடும்ப மானத்தைக் கப்பலேத்திட்டே, வேன்ல உனக்கு இடமில்லே, எப்படியோ வந்து சேரு என்றார். ரொம்ப சந்தோஷம், நீங்களும் உங்க வேனும் நல்லா இருங்க என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். உன் அப்பா வழக்கம்போலத் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாதி வழியில் பின்னால் மூச்சிரைப்பு கேட்டுத் திரும்பினால், அவர். டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, பதினெட்டாம் தேதி கோர்ட் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார்.

கண்ணு, அம்மனிடம் நான் உனக்காக எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை. எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? இரண்டு வருஷத்துக்கு முன் கன்னம் வீங்கி வீட்டு வாசலில் வந்து நின்றாய். யார் யாரோ எழுதிய புத்தகத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கண்டுபிடிக்கிறவள், என் மகள் முகத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்ததைக் காணாத மாதிரி இருந்தேன். கொஞ்சம் பொறுத்துக்கோம்மா, போ என்று சோறு போட்டு பஸ் ஏற்றிவிட்டேன். அதைப் பதினெட்டாம் தேதி ஜட்ஜ் முன்னால் சொல்லப் போகிறேன். வீங்கியிருந்தது இடது கன்னம் என்றும் சொல்வேன், திருப்பி அனுப்பியது நான்தான் என்றும் சொல்வேன். உன் வக்கீலிடம் என்னைச் சாட்சியாகச் சேர்க்கச் சொல். பெரியப்பா என்ன, ஊரே திரண்டு வந்து மறித்தாலும் வருவேன்.

நீ நூறு வருஷம் தலை நிமிர்ந்து இரு. கோர்ட் வராந்தாவில் உன் பக்கத்தில் எனக்கு இடம் தர வேண்டாம், எதிர் பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறேன். பேசவும் வேண்டாம். போ என்று மட்டும் சொல்லிவிடாதே. அதை இந்த வீட்டில் நான் ஒருத்தி சொன்னது போதும்.

உன்
அம்மா