முள் என்று சொன்ன கம்பி

ஆஸ்பத்திரி,
புதன்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்.

அன்பு மகன் ஷிப்லிக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

கத்தாரில் வெயில் கடுமை என்று உன் மச்சான் றிஸ்வான் சொன்னான். தலையை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. போனில் என்றால் என் நாக்குத் தடுமாறும், அதனால் எழுதுகிறேன். இதை அவன் படம் பிடித்து அனுப்புவான்.

உம்மாவின் கன்னத்தில் முள் குத்தியதாக உனக்குச் சொன்னோம். அது முள் அல்ல. மாவடிப்பள்ளி வயல் வரம்பில் நான் மெசினால் புல் வெட்டிக்கொண்டிருந்தேன். அதன் தலையில் சுழன்று புல்லை வெட்டுவதற்கென்று நீ பெருநாளைக்கு அனுப்பிய நைலோன் நூல் இன்னும் உறை பிரிக்காமல் அலுமாரியில் இருக்கிறது. நல்ல சாமான், பிறகு பார்ப்போம் என்று வைத்துவிட்டுப் பழைய சைக்கிள் பிரேக் கம்பியைக் கட்டியிருந்தேன். உம்மா தேத்தண்ணி கொண்டு கிட்ட வந்தபோதும் மெசினை நிறுத்தவில்லை. கம்பி நுனி அறுந்து பறந்து அவள் கன்னத்தில் பாய்ந்தது.

காயம் ஒரு புள்ளிதான். யார் கேட்டாலும் உம்மா முள் என்றாள். பத்து நாளில் கன்னம் வீங்கி, மேலுதடு மரத்துப் போனது. டொக்டர் சுஜிந்தனிடமும் முள் என்றாள். பக்கத்தில் இருந்த நான் வாய் திறக்கவில்லை. முள் எக்ஸ்ரேயில் தெரியாது என்று அவர் எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு எழுதினார்.

உள்ளே இருப்பது பெரிய காந்தம், உடம்பில் இரும்பு ஏதும் உண்டா என்று வாசலில் தாதி கேட்டார். உம்மா தலையை ஆட்டி இல்லை என்றாள். கட்டிலைத் தள்ளத் தொடங்கிய பிறகுதான் எழும்பி, கன்னத்தில் கம்பி இருக்கிறது, நான்தான் காரணம் என்று கத்தினேன். இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இன்னும் ஒரு நிமிடம் பயந்திருந்தால் அந்தக் காந்தம் கம்பியை இழுத்திருக்கும்.

வேறு ஸ்கேனில் தெரிந்தது: நெல்மணி நீளம், கண்ணுக்குக் கீழே, உதட்டுக்குப் போகும் நரம்பை ஒட்டி. நாளைக் காலை திரையில் படம் பார்த்தபடியே, வாயின் உள்பக்கமாகச் சிறு துளையிட்டு மெல்லிய இடுக்கியால் எடுப்பார்களாம். முகத்தில் தழும்பு வராது. நரம்பைப் பற்றி மட்டும் டொக்டர் உறுதி சொல்லவில்லை. மூன்று தரம் கேட்டேன். நான்காம் தரம் கேட்க வெட்கமாக இருந்தது.

உம்மா என்னோடு கதைப்பதில்லை. "புள்ள உங்கள ஏசுவான் எண்டுதானே மறைச்சன், நீங்க ஊருக்கே சொல்லிப்போட்டீங்களே" என்றதோடு சரி. கோபம் காயத்துக்கு அல்ல, அதற்குத்தான். உனக்காவது தெரியாது என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். இன்று மஃரிப் தொழுகைக்குப் பின் அவளுக்குப் போன் எடு. முள் என்றே கேள். ஏச வேண்டியதை எனக்கு எழுது.

நாளை அவள் உதட்டில் உணர்ச்சி திரும்பி, வாய் நிறைய என்னை ஏச வேண்டும் என்று துஆச் செய், மகன்.

வாப்பா,
சீனிமுகம்மது.